தள்ளாடிக்கு வெளிக்கிட்ட மெசின்

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இயந்திரத்துக்கு உப்புக்காற்றும் துருவும் தூசியும் அவ்வளவு பெரிய ஆபத்தில்லை. புதிதாகப் படித்து முடித்துவிட்டு வந்த எஞ்சினியர்தான் ஆபத்து. துருவுக்காவது பொறுமை இருக்கிறது. வருடக்கணக்காக உட்கார்ந்து மெதுவாக அரிக்கும். புது எஞ்சினியர் திங்கட்கிழமை வேலைக்கு வந்தால் செவ்வாய்க்கிழமையே எதையாவது கழற்றிவிடுவார்.

நான் அப்படி ஒருத்தியாகத்தான் மன்னாருக்குத் திரும்பி வந்தேன். எங்கள் ஒழுங்கையின் முதலாவது பெண் எஞ்சினியர் என்று அம்மா எங்கள் ஊரான பேசாலை முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தார். (ஒழுங்கையில் இருந்ததே ஏழெட்டு வீடு. அதிலும் பாதி பூட்டிக் கிடந்தது. அம்மா அதை மட்டும் சொல்ல மாட்டார்.)

எனக்கு வேலை கிடைத்த இடம் மன்னார் நகரத்தில் ஒரு பழைய ஐஸ் தொழிற்சாலைக் கட்டடம். சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, ஜேர்மனியிலிருந்து திரும்பி வந்த அன்ரனி அண்ணை அதை வாடகைக்கு எடுத்திருந்தார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சொக்லேற்றும் வாசனைச் சவர்க்காரமும் கொண்டுவருவார்கள். அன்ரனி அண்ணையோ, தான் வேலை செய்த தொழிற்சாலையை மூடியபோது மலிவாக விற்ற ஒரு மெசினைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதற்காக அவருடைய மனைவி எவ்வளவு காலம் அவரோடு கதைக்காமல் இருந்தார் என்பது பற்றி ஊரில் பல கதைகள் உண்டு.

அந்த மெசின் செய்கிற வேலை இதுதான். ரேடியோவையோ ரிமோட்டையோ கழற்றிப் பார்த்தால், உள்ளே ஒரு பச்சைத் தகடும் அதன்மேல் கடுகு தூவியதுபோல் ஒட்டியிருக்கும் பாகங்களும் தெரியுமல்லவா? அந்தக் கடுகுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். கையால் வைத்தால் கண் போய்விடும். மெசினுக்கு ஒரு தலை உண்டு. தலைக்குக் கீழே ஊசி போல ஒரு மூக்கு. மூக்கு காற்றை உறிஞ்சி ஒரு கடுகைப் பிடித்துக்கொள்ளும். தலை தண்டவாளத்தில் ஓடிப்போய்த் தகட்டுக்கு மேலே நிற்கும். மூக்கு இறங்கிக் கடுகை வைத்துவிட்டு எழும்பும். பிறகு அடுத்த கடுகு.

இப்படி நாங்கள் செய்தது வலை விளக்கு. கடலில் விரித்த வலையின் நுனியில் மிதந்தபடி மினுங்கும் சின்ன விளக்கு. அது இல்லாவிட்டால் இரவில் போகும் பெரிய படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போய்விடும். கடற்றொழிலாளர் சங்கங்கள் சேர்ந்த சமாசம் ஒன்று, பருவம் தொடங்குமுன் கரை முழுவதற்கும் அந்த விளக்கு வேண்டும் என்றது. அந்த வேலை எங்களுக்குக் கிடைத்தால் பட்டறை நிலைத்துவிடும். கிடைக்காவிட்டால் கொழும்பில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து இறக்கிக் கொடுக்கத் தயாராக இருந்தார். அன்ரனி அண்ணை பட்டறையைப் பூட்டிவிட்டு மனைவியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதுதான். சிலாவத்துறையிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து மெசினுக்குப் பாகங்கள் பூட்டும் சபீனாவும் மற்றப் பெண்களும் மறுபடி வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

சிக்கல் என்னவென்றால், மெசின் மந்தம். தலை முழு வேகத்தில் புறப்படும், முழு வேகத்தில் போய் டக்கென்று நிற்கும். நின்றதும் நடுங்கும். நடுக்கம் அடங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் கடுகை வைக்கும். ஒவ்வொரு கடுகுக்கும் இந்தக் காத்திருப்பு. நான் அந்த மெசினைப் பார்த்த முதல் நாளே, “இதைத் திருத்துவேன்” என்று முடிவு செய்துவிட்டேன். எப்படித் திருத்துவது என்று தெரியாது. அது எனக்கு ஒரு பெரிய விஷயமாகவும் படவில்லை.

வழியைக் காட்டியது பேசாலை பஸ். அந்தப் பாதையில் அப்போது இரண்டு சாரதிகள் மாறிமாறி ஓடினார்கள். ஒருவர் பிரேக் பிடித்தால் பஸ் முழுவதும் ஒன்றாகத் தலை குனியும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்கூட அவ்வளவு பக்தியைப் பார்க்க முடியாது. மற்றவர் புறப்பட்டதும் தெரியாது, நின்றதும் தெரியாது. ஆனால் அவர்தான் எப்போதும் முந்திப்போய்ச் சேருவார். ஏன்? இந்தக் கேள்வி என்னைப் பிடித்து ஆட்டியது. ஒரு நாள் வீட்டிலிருந்து ஒரு கிளாஸ் நிறையத் தேத்தண்ணீரைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன், எந்த இடத்தில் ததும்புகிறது என்று பார்ப்பதற்காக.

அன்றைக்கு முதலாவது சாரதியின் முறை. தேத்தண்ணீர் ததும்பவில்லை, பறந்தது. பக்கத்திலிருந்த கன்னியாஸ்திரியின் வெள்ளை உடுப்பில் இறங்கியது.

“பிள்ளை, உமக்கு என்ன, ஏதும் வருத்தமோ?” என்று கேட்டார் சிஸ்டர்.

“இல்லை சிஸ்டர், ஆராய்ச்சி.”

“ஆராய்ச்சியைக் குடிச்சு முடிச்சிட்டு ஏறியிருக்கலாமே.”

ஆனால் எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. வேகம் குற்றவாளி இல்லை. வேகம் திடீரென்று மாறுவதுதான் குற்றவாளி. மெதுவாக வேகத்தைக் கூட்டி, மெதுவாகக் குறைத்தால், நடுவில் எவ்வளவு வேகமாகவும் போகலாம். நடுக்கம் வராது. நடுக்கம் வராவிட்டால் காத்திருக்கவும் தேவையில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி ஐஸ் தொழிற்சாலை வரை ஓடினேன். (சேலையில். வழியில் நின்ற கழுதைகள்கூட விலகி வழி விட்டன.)

அன்று தொடங்கி, மெசினின் மூளைக்குள் இருந்த கட்டளைகளை ஒவ்வொன்றாக மாற்றி எழுதினேன். சாப்பாட்டை மறந்தேன். அம்மா கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மெசினின் மொழியில் பதில் சொன்னேன். கடைசியில் ஒரு பகல் வேளையில் பச்சைப் பொத்தானை அமத்தினேன். வழக்கமாக டக், டக், டக் என்று சுத்தியல் போல் அடிக்கும் மெசின், ஸூ... ஸூ... என்று பட்டுத்துணி இழுப்பதுபோல் ஓடத் தொடங்கியது.

சபீனா பயந்துபோய் எழும்பினாள். “என்ன மிஸ், மெசினுக்குத் தொண்டை கட்டிட்டுதோ?”

தகட்டை எடுத்துப் பார்த்தோம். ஒரு கடுகுகூட இடம் மாறவில்லை. முன்பு ஒரு தகடு முடியும் நேரத்தில் இப்போது இரண்டு தகடு முடிந்து, மூன்றாவதும் பாதிக்கு வந்திருந்தது. நான் சபீனாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சுற்றினேன். அன்ரனி அண்ணை மெசினைக் கட்டிப்பிடித்தார். பிறகு என்னைப் பார்த்து, “ஜெனி, ஜேர்மன்காரன் விட்ட பிழையைத் திருத்திப்போட்டியே பிள்ளை. இவ்வளவும் காணும். இனி இதைத் தொடாதே” என்றார்.

அந்தக் கடைசி வசனம் என் காதில் விழவில்லை என்று இன்றுவரை சாதித்துவருகிறேன்.

சமாசத்திலிருந்து மெசினைப் பார்க்க ஆட்கள் வருவதாக முடிவானது. தலைவர் சூசைப்பிள்ளை ஐயா, விடத்தல்தீவுக்காரர், தன்னுடைய வலையையே பெரிய படகுக்குப் பறிகொடுத்தவர். அவரோடு, விளக்குகளின் தரத்தைச் சரிபார்த்துக் கையெழுத்து வைப்பதற்காகக் கொழும்பிலிருந்து பெரேரா என்று ஒரு எஞ்சினியர். நாங்கள் சுவருக்கு வெள்ளை அடித்தோம். கதிரைகளைத் துடைத்து வாசலின் ஒரு பக்கமாக வரிசையாகப் போட்டோம். அப்போதுதான் நான் மூன்று யோசனைகள் சொன்னேன்.

முதலாவது, மெசின் மூலையில் இருந்தால் வருகிறவர்களுக்குத் தெரியாது, நடுவில் வைப்போம். மூலையில் அது நிலத்தோடு சேர்த்து ஆணி பூட்டியிருந்தது. ஆணியைக் கழற்றி, அடியிலிருந்த சின்னச் சில்லுகளில் உருட்டி நடுவில் நிறுத்தி, சில்லுப் பூட்டைப் போட்டோம். இரண்டாவது, இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டுவோம். (கொஞ்சம் என்றுதான் சொன்னேன். கூட்டியதைச் சொல்லவில்லை.) மூன்றாவது, தலையின் ஒவ்வொரு ஓட்டமும் ஒரே அளவு நேரம் எடுக்கும்படி அமைப்போம். இடம், வலம், இடம், வலம் என்று பாடகர் குழு தாளம் போடுவதுபோல் பார்க்க அழகாக இருக்கும்.

அழகு! ஒரு எஞ்சினியரின் வாயில் வரவே கூடாத சொல்.

அன்று காலையில் அம்மா, திருநாளுக்கு மட்டும் உடுக்கும் நீலச் சேலையில், ஒரு பெரிய தட்டம் நிறைய மீன் கட்லட்டோடு பேசாலையிலிருந்து வந்து இறங்கினார். யாரும் கூப்பிடவில்லை.

“அம்மா, இது வேலை செய்யிற கந்தோர். இஞ்ச ஏன் வந்தனீங்கள்?”

“வாற ஆக்களுக்கு வெறும் தேத்தண்ணி குடுக்கப் போறியோ? பாரை மீன். விடிய எழும்பிச் செய்தனான். நீ உன்ர மெசினைப் பார்.”

தட்டத்தை, பாகங்கள் வைக்கும் மேசையிலேயே ஓர் ஓரமாக வைத்துவிட்டார். மறு ஓரத்தில் சபீனா உதிரிக் கடுகுகளைத் திறந்த தட்டுகளில் வகைபிரித்து வைத்திருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவிடம் யார் சொல்வது?

விருந்தாளிகள் வந்தார்கள். சூசைப்பிள்ளை ஐயா தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, வெள்ளை வேட்டியில் கம்பீரமாக அமர்ந்தார். பெரேரா கழுத்துப்பட்டியோடு, சட்டைப் பையில் ஒரு சின்னப் பூதக்கண்ணாடியோடு வந்திருந்தார். தமிழ் கதைப்பார், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பதுபோல் கதைப்பார். நான் பெரிய விளக்கம் கொடுத்தேன். சாரதியின் கதை, தேத்தண்ணீரின் கதை எல்லாம். சூசைப்பிள்ளை ஐயா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பிள்ளை, கதை நல்லாயிருக்கு. மெசினைப் போடுங்கோவன்” என்றார்.

போட்டேன்.

முதலில் சொர்க்கம். தலை இடமும் வலமுமாகச் சறுக்கியது. ஸூ... ஸூ... பெரேரா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். அன்ரனி அண்ணையின் கண் கலங்கியது. நான் கையைக் கட்டிக்கொண்டு, இதெல்லாம் எனக்குச் சாதாரணம் என்ற முகத்தோடு நின்றேன். அந்த முகத்தை வைத்துக்கொள்ள எனக்குக் கிடைத்த நேரம் மிகவும் குறைவு.

மெசின் மெல்லத் தோளை ஆட்டியது. பிறகு இடுப்பை. திருவிழாவில் பாண்ட் வாத்தியம் கேட்ட ஆள் முதலில் காலால் தாளம் போட்டு, பிறகு தன்னை மறந்து ஆடுவதுபோல், ஒவ்வொரு இடம்-வலத்துக்கும் அதன் ஆட்டம் கூடிக்கொண்டே போனது. சில்லுகள் பூட்டியபடியே கிறீச்சென்று ஓர் அங்குலம் நகர்ந்தன. இன்னுமோர் அங்குலம். ஐஸ் உருகிய தண்ணீர் ஓடுவதற்காக அந்தக் கட்டடத்தின் நிலம் வாசலை நோக்கிச் சரிவாகப் போடப்பட்டிருந்தது. அந்தச் சரிவை அதுவரை கவனிக்காத ஒரே ஆள் நான். மெசின் கவனித்துவிட்டது.

அது நடக்கத் தொடங்கியது.

பெரேரா மிகவும் மரியாதையாகக் கேட்டார். “மிஸ், மெசின் எங்க போறது?”

மன்னார்த் தீவிலிருந்து பாலத்தைக் கடந்தால் அந்தப் பக்கம் முதலில் வருகிற ஊருக்குத் தள்ளாடி என்று பெயர். சபீனா வாயில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள். “அல்லாவே! மிஸ், மெசின் தள்ளாடிக்கு வெளிக்கிட்டிட்டுது!”

நான் பாய்ந்தேன். மெசினுக்கு முன்னால் போய் நின்று, முட்ட வரும் கிடாயைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்தேன். அது என்னையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு நடந்தது. அம்மா அந்தப் பக்கமாக ஓடிவந்து பின்னாலிருந்து இழுத்தார். “அந்தோனியாரே! அந்தோனியாரே!” என்று கத்தினார்.

“வாறன் அம்மா, வாறன்!” என்று அன்ரனி அண்ணை ஓடிவந்தார்.

“உன்னையில்லை!” என்றார் அம்மா.

மெசினில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அமத்தினால் எல்லாம் நின்றுவிடும். அது என் மூக்குக்கு நேரே இருந்தது. அதற்குப் பக்கத்தில் பச்சைப் பொத்தான். பதற்றத்தில் நான் பச்சையை அமத்தினேன். நின்றுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மெசின், மிகவும் உற்சாகமாக அடுத்த தகட்டைத் தொடங்கியது. என் மேல் நம்பிக்கை இழக்காமல் இன்னொரு தடவை பச்சையையே அமத்தினேன்.

மூலையில் காற்றழுத்தி இயந்திரம் நின்றது. அதிலிருந்து மெசினுக்கு ஒரு நீலக் குழாய் போயிருந்தது. மெசின் நடக்க நடக்கக் குழாய் இறுகி, கம்பி போலாகி, படாரென்று கழன்றது. கழன்ற குழாய் சும்மா விழுமா? காற்றைச் சீறிக்கொண்டு, கரையில் இழுத்துப்போட்ட விலாங்குபோல் துள்ளியது. முதல் துள்ளலில் பெரேராவின் கழுத்துப்பட்டியைத் தோளுக்குப் பின்னால் எறிந்தது. இரண்டாவது துள்ளலில் பாகங்கள் இருந்த மேசைக்கு மேலாகப் போனது.

சபீனா நாள் முழுவதும் இருந்து வகைபிரித்த கடுகுகள் அத்தனையும் ஒன்றாக எழும்பின. மன்னாரில் ஒருவரும் பனிமழை கண்டதில்லை. அன்று கண்டோம். சூசைப்பிள்ளை ஐயாவின் எண்ணெய்த் தலையில் போய் ஒட்டியது ஒரு பங்கு. அம்மாவின் நீலச் சேலையில் நட்சத்திரம்போல் ஒரு பங்கு. மிச்சம் கட்லட் தட்டத்தில் இறங்கியது.

சூசைப்பிள்ளை ஐயா மட்டும் பதறவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார். குழாயின் துள்ளலை ஒரு கணம் பார்த்தார். அடுத்த துள்ளலில் கழுத்தைப் பிடித்து, காலுக்குக் கீழே போட்டு மிதித்தார். “கடலில இதை விடப் பெரிசெல்லாம் பிடிச்சனாங்கள்” என்றார். சபீனா ஓடிப்போய்க் காற்றழுத்தியை நிற்பாட்டினாள். நான் ஒருவழியாகச் சிவப்பைக் கண்டுபிடித்தேன்.

மெசின் வாசற்படிக்கு ஒரு முழத்தில் நின்றது. வாசலில் நின்று வேடிக்கை பார்த்த கழுதையொன்று, மெசின் வெளியே வரப்போவதில்லை என்று தெரிந்ததும் போய்விட்டது.

எனக்கு நிலம் பிளந்தால் நல்லது போலிருந்தது. பட்டறை போச்சு. சபீனாவின் வேலை போச்சு. அன்ரனி அண்ணை சுவரில் சாய்ந்து, ஜேர்மன் மொழியில் ஏதோ சொன்னார். நல்லவேளையாக யாருக்கும் விளங்கவில்லை. இந்த நேரத்தில் வேறு யாராக இருந்தாலும் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். அம்மா சேலையை உதறினார், தட்டத்தை எடுத்தார், நேராகப் பெரேராவிடம் போனார்.

“களைச்சுப் போனியள் ஐயா. ஒரு கட்லட் எடுங்கோ.”

“அம்மா, வேண்டாம்!” என்று நான் கத்துவதற்குள், அந்த நல்ல மனிதர் மரியாதைக்காக ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டார். மென்றார். மெல்லுவது நின்றது. விரலை விட்டு நாக்கு நுனியிலிருந்து எதையோ எடுத்தார். சட்டைப் பையிலிருந்த பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து, வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்த்தார்.

அது ஒரு றெசிஸ்டர், மின்சாரத்தைத் தடுத்து அளவாக விடும் பாகம். அதன் முதுகில் அளவு எழுதியிருக்கும். அந்த அளவுக்குப் பெயர் ஓம். எங்கள் ஊரிலோ ஓம் என்றால் ஆமாம்.

அம்மா ஆவலோடு கேட்டார். “எப்பிடி ஐயா, நல்லாயிருக்கோ?”

பெரேரா கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். “பத்தாயிரம் ஓம்.”

அம்மாவின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். “கேட்டியோடி?” என்று என் பக்கம் திரும்பினார். “பத்தாயிரம் ஓமாம்! நீ ஒரு நாளாவது ஒரு ஓம் சொல்லியிருப்பியா?”

முதலில் சிரித்தது சபீனா. பிறகு அன்ரனி அண்ணை. நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. பெரேராவுக்கு விஷயத்தை விளங்கப்படுத்தியபோது அவர் கதிரையில் இருந்து சிரித்துச் சிரித்து, கையிலிருந்த றெசிஸ்டரைத் தொலைத்துவிட்டார்.

சிரித்து முடிந்ததும், எழும்பிப் போவார் என்று நினைத்தேன். அவர் மெசினுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். நல்ல காற்சட்டை, நிலமெல்லாம் தூசி. ஒரு விரலால் மெசினைத் தள்ளினார். அது மெல்ல ஆடி அடங்கியது. மறுபடி தள்ளினார்.

“மிஸ், ஊஞ்சல் தெரியும்தானே?” என்றார். “பிள்ளை ஊஞ்சலில இருக்குது. நீங்க வாற நேரம் வாற நேரம் தள்ளினா?”

“ஆட்டம் கூடும்.”

“உங்கட தலை அதைத்தான் செய்தது. ஒரே தாளத்தில தள்ளினது. ஆணி இருக்கிற நேரம் மெசின் ஆட ஏலாது. ஆணி இல்ல. ஆடினது.”

நானும் முழங்காலில் இறங்கினேன். “சேர், அப்ப எதிர்ப்பக்கமாத் தள்ளினா? தலை வெளிக்கிடேக்க ஒரு உதை குடுக்குது. நிக்கேக்க எதிர்ப்பக்கம் ஒரு உதை குடுக்குது. அந்த ரெண்டாவது உதை சரியான நேரத்தில விழுந்தா...”

“முதல் உதையை அழிக்கும்!” என்றார் பெரேரா.

“மெசின் ஒருக்கா ஆடி வாற நேரமும் தலை ஓடி முடியிற நேரமும் ஒண்டா இருந்தா...”

“மெசின் நிக்கும்! ஆணி வேண்டாம்!”

இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் எங்களைச் சுற்றி நின்று, பைத்தியம் தொற்று நோயோ என்பதுபோல் பார்த்தார்கள். சூசைப்பிள்ளை ஐயா தலையிலிருந்து கடுகு பொறுக்கிக்கொண்டே கேட்டார். “அப்ப இண்டைக்கு விளக்கு வருமோ வராதோ?”

பெரேரா என்னைப் பார்த்தார். “மிஸ், ஆணி பூட்ட வேண்டாம். நடுவிலயே வையுங்கோ. நான் பஸ்ஸுக்குப் போக முதல் மெசின் நடக்காம ஓடினா, கையெழுத்து வைக்கிறன்.”

அந்தப் பின்னேரத்தைப்போல் ஒரு பின்னேரம் எனக்கு மறுபடி கிடைக்கவில்லை. மெசினை எல்லோரும் சேர்ந்து நடுவுக்குத் தள்ளினோம், அம்மா உட்பட. நான் தள்ளித் தள்ளி அதன் ஆட்டத்தை அளந்தேன். பெரேரா சுண்ணக்கட்டியால் நிலத்தில் கோடு கோடாக வரைந்தார். நான் கட்டளைகளை மாற்றி எழுதினேன். சபீனாவும் மற்றப் பெண்களும் கிடைத்த கடுகுகளைத் திரும்பப் பிரித்தார்கள். முதல் தடவை ஓட்டியபோது மெசின் கொஞ்சம் முனகி, ஒரு விரற்கடை நகர்ந்தது. “கிட்ட வந்திட்டம்!” என்றார் பெரேரா. இரண்டாவது தடவை அது நின்ற இடத்தில் நின்றபடி, ஆனால் சலிப்போடு தோளைக் குலுக்கியது. ஓட்டத்தின் நேரத்தை ஒரு மயிரளவு மாற்றினேன்.

மூன்றாவது தடவை நான் பொத்தானை அமத்தவில்லை. “நீங்கள் அமத்துங்கோ” என்று சபீனாவிடம் சொன்னேன். (என் விரலுக்கும் பச்சைப் பொத்தானுக்கும் உள்ள உறவை அதற்குள் எல்லாரும் அறிந்திருந்தார்கள்.)

ஸூ... ஸூ... தலை பறந்தது. காலையில் ஓடிய அதே வேகம். மெசின் அசையவில்லை. பெரேரா தட்டத்திலிருந்து ஒரு கட்லட்டை எடுத்து, மெசினின் மேல்மூடியில் செங்குத்தாக நிறுத்தினார். ஒரு தகடு முடிந்தது. இரண்டாவது முடிந்தது. கட்லட் சாயவில்லை. மூன்றாவது தகடும் முடிந்து மெசின் தானாக நின்றபோது, பட்டறை முழுவதும் கத்திய சத்தத்தில் வெளியே நின்ற கழுதைகள் கடற்கரைப் பக்கமாக ஓடியதாகப் பிறகு சொன்னார்கள். சூசைப்பிள்ளை ஐயா அன்ரனி அண்ணையைக் கட்டிப்பிடித்தார். பெரேரா கையெழுத்து வைத்தார். பஸ்ஸைத் தவறவிட்டார். அதனால் அன்ரனி அண்ணையின் வீட்டில் இரவுச் சாப்பாடு சாப்பிட்டார். அந்தச் சாப்பாட்டை அன்ரனி அண்ணையின் மனைவியே பரிமாறினார் என்பதை வைத்து, அந்த வீட்டிலும் ஏதோ நல்லது நடந்திருக்கிறது என்று ஊகித்தோம்.

பருவத்துக்கு முன் விளக்குகள் போய்ச் சேர்ந்தன. வெளியூரில் இதையெல்லாம் சொன்னால் வேகத்தையும் நடுக்கத்தையும் பற்றிக் கேட்பார்கள். மன்னாரில் ஒருவரும் அதைக் கேட்பதில்லை. எனக்குத் “தள்ளாடி எஞ்சினியர்” என்று பெயர் விழுந்தது. பாலத்தடியில் பஸ் ஏறினால் கொண்டக்டர், “தள்ளாடியோ மிஸ்? மெசினும் வருதோ?” என்று கேட்பார்.

வீட்டில் அதைவிட மோசம். வெறும் ஓமுக்கு எங்கள் வீட்டில் மதிப்பில்லாமல் போய்விட்டது. “சோறு போடட்டோ?” என்று அம்மா கேட்டு நான் “ஓம்” என்றால், “எத்தினை?” என்பார். பசியின் அளவைப் பொறுத்து நூறு, ஐந்நூறு என்று சொல்ல வேண்டும். விருப்பமில்லாத வேலைக்கு அரை ஓம். பூசைக்குப் போகக் கூப்பிட்டால் ஆயிரத்துக்குக் குறைய ஏற்றுக்கொள்ள மாட்டார்.

பிறகு எனக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை ரூபன் வவுனியாவில் படிப்பிக்கிற வாத்தியார். அமைதியான ஆள். இந்தக் கதை அவருக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்று நான் எல்லாரையும் கெஞ்சி வைத்திருந்தேன். பேசாலைக் கோவிலில், ஊர் முழுவதும் கூடியிருக்க, சுவாமியார் என்னைப் பார்த்து, “ஜெனிற்றா, இவரை உமது கணவராக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?” என்று கேட்டார்.

குனிந்த தலையோடு, மிகவும் அடக்கமாக, “ஓம்” என்றேன்.

முன்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த அம்மா, தான் மெதுவாகக் கதைப்பதாக நினைத்துக்கொண்டு சொன்னார். “எத்தினை எண்டு சொல்லு பிள்ளை.”

பின்வரிசையில் சபீனா களுக்கென்றாள். அன்ரனி அண்ணை இருமுவதுபோல் நடித்தார். அது கோவில் முழுவதும் பரவியது. பாடகர் குழு முகத்தை மூடிக்கொண்டது. எனக்குக் கால் தள்ளாடியது. சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த சுவாமியார், அவசரமாக ரூபன் பக்கம் திரும்பி அதே கேள்வியைக் கேட்டார்.

பாவம், அவருக்கு ஒன்றுமே விளங்கவில்லை. சிரிக்கும் சனத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பதிலுக்காக வாங்கின் நுனிக்கு வந்துவிட்ட அம்மாவைப் பார்த்தார். பிறகு வகுப்பில் வாய்ப்பாடு சொல்வதுபோல் உரத்த குரலில், “எவ்வளவு கேக்கினமோ அவ்வளவும் ஓம், ஃபாதர்” என்றார்.

அம்மா திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்து, பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னார். “உவர் எங்கட ஆள்தான்.”